பெயருக்குப் பின்னால் ஒரு கட்டம்

எங்கள் டைம் ஆபீஸ் சூப்பரின்டென்டென்ட்டுக்கு ஒரு பெயரைக் காதில் வாங்கினால் அதைச் சும்மா விடத் தெரியாது. பலாப்பழத்தை அறுக்க உட்கார்ந்தவர் கடைசிச் சுளை வரை எடுக்காமல் கையைக் கழுவ மாட்டாரே, அப்படி. பெயர், அப்பா பெயர், ஊர், தெரு, தாத்தா பார்த்த வேலை என்று ஒவ்வொன்றாகப் பிரித்து எடுத்துவிட்டு, முடிவில் ஒரு சின்னச் சிரிப்புச் சிரிப்பார். அந்தச் சிரிப்பு வந்துவிட்டால் எதிரே நிற்பவரிடம் மறைக்க ஒன்றும் மிச்சம் இல்லை என்று அர்த்தம்.

எண்பதுகளின் தொடக்கம் அது. ஓசூர்த் தொழிற்பேட்டையில், வண்டி எஞ்சினுக்கு வேண்டிய தண்டுகளும் பற்சக்கரங்களும் செய்கிற கம்பெனி எங்களுடையது. தலைமை அலுவலகம் பம்பாயில். மெஷின்களும் வேலை முறையும் ஜெர்மனியிலிருந்து வந்தவை. மதுரை, திருநெல்வேலிப் பக்கமிருந்து வந்த பையன்கள், உத்தனப்பள்ளிப் பக்கத்து விவசாய வீட்டுப் பிள்ளைகள், வேப்பனப்பள்ளிப் பக்கத்துத் தெலுங்குக்காரர்கள், எல்லை தாண்டி சைக்கிளில் வரும் கன்னடக்காரர்கள் என்று எல்லோரும் ஒரே ஷெட்டுக்குள் நின்றார்கள். ஒரு மெஷின் மக்கர் பண்ணினால் மூன்று மொழியில் திட்டு வாங்கும். வருகைப் பதிவு, லீவு, அடையாள அட்டை எல்லாம் பார்க்கிற அறை டைம் ஆபீஸ். நான் அங்கே டைப்பிஸ்ட்.

அவர் கிருஷ்ணகிரிக்காரர். ஐம்பதை நெருங்கிய வயது. வெள்ளை அரைக்கைச் சட்டை, பையில் இரண்டு பேனா, சாப்பிட்ட பிறகு ஒரு துண்டு வெல்லம். தமிழ், தெலுங்கு, கன்னடம், உருது, இங்கிலீஷ் ஐந்தும் தண்ணீர் பட்ட பாடு. எந்த மொழியில் யாரை மரியாதையாகக் கூப்பிட வேண்டும், எந்த மொழிக்குத் தாவினால் மரியாதையைக் கழற்றிவிடலாம் என்பதும் அவருக்குத் தெரியும்.

நான் வேலைக்குச் சேர்ந்த அன்று என் சான்றிதழ்களைப் புரட்டிக்கொண்டே பேச்சுக் கொடுத்தார்.

"ஊத்தங்கரையாம்மா? டவுனா, பக்கத்துல கிராமமா?"

"பக்கத்துல சார்."

"அப்பா பஞ்சாயத்து ஆபீஸ்ல கிளார்க்கு. சரி. தாத்தா?"

"விவசாயம் சார்."

"விவசாயம்." பேனா மூடியைத் திருகினார். "கார்த்திகை மாசம் வந்தா தாத்தாவுக்குக் கை ஒழியாதோ?"

எனக்குக் காது சூடேறிவிட்டது. அகல் விளக்கு செய்கிற வீட்டில் கார்த்திகையில் யாருக்குக் கை ஒழியும்? அவர் அந்தச் சின்னச் சிரிப்பைச் சிரித்தார்.

"தெலுங்குல கும்மரி. கன்னடத்துல கும்பார. இந்திக்காரன் கும்ஹார்ங்கறான், இங்கிலீஷ்காரன் பாட்டர்ங்கறான். எல்லாம் ஒரே சக்கரந்தாம்மா. இதுல வெக்கப்பட என்னா இருக்குது? போ, போயி உன் மெஷினைப் பாரு."

யாரிடமும் சொல்லமாட்டார் என்று எனக்குத் தோன்றியது. அதற்காக நன்றிகூடச் சுரந்தது. பயத்துக்கும் நன்றிக்கும் நடுவே இருந்த அந்தக் கூச்சம் அவரிடம் வேலை பார்த்த அத்தனை வருஷமும் எனக்குப் போகவில்லை.

அவரிடம் நீளமான ஒரு நோட்டு இருந்தது. ஒரு பக்கத்தில் ஒரு தொழில். அதன் கீழே ஒவ்வொரு மொழியிலும் அந்தத் தொழிலுக்கான சொல், அந்தச் சொல்லைப் பெயரில் வைத்திருக்கும் ஆட்கள். பம்பாயிலிருந்து ஆய்வுக்கு வந்த பார்சி அதிகாரியின் பெயர் தாருவாலா. அவர் கார் கேட்டைத் தாண்டியதும் இவர் நோட்டைத் திறந்தார். "தாருன்னா சாராயம். பாட்டன் சாராயம் வித்திருக்கான், பேரன் நமக்கு மேனேஜர். அவனுக்கு அது பெருமை. நம்ம ஊர்ல கள்ளு எறக்குனவன் பேரன் அப்படிப் பேர் வெப்பானா?" கேட்டுவிட்டு, பதில் வேண்டாதவர் போல எழுத ஆரம்பித்துவிட்டார்.

கெட்டவர் என்று மட்டும் சொல்லி அவரை முடித்துவிட முடியாது. ஒரு தடவை லேத்தில் ஒருவனுக்கு இரண்டு விரல் துண்டாகிவிட்டது. எல்லோரும் கத்திக்கொண்டு நின்றபோது, விரல்களைத் துணியில் சுற்றி ஐஸில் வைத்து, கம்பெனி வண்டியில் அவனை ஏற்றி, பெங்களூர் வரை கூடவே போனவர் இவர்தான். ஆஸ்பத்திரியில் கன்னடத்தில் சண்டை போட்டு உடனே ஆபரேஷன் செய்ய வைத்தார். ஒரு விரல் பிழைத்தது. திரும்பி வந்த டிரைவர் எங்களிடம் ஒன்று சொன்னார். வழி நெடுக அந்தப் பையனிடம் இவர், "உங்க இண்டி பேரு என்னப்பா? உங்க அம்மா வீட்டு இண்டி பேரு என்ன?" என்று கேட்டுக்கொண்டே வந்தாராம். தெலுங்குக்காரர்கள் குடும்பப் பெயரை அப்படிச் சொல்வார்கள். "மயக்கம் போட்டுடக் கூடாதுன்னு பேச்சுக் கொடுத்தேம்பா" என்று பிறகு இவர் விளக்கினார். அது உண்மையாகவும் இருக்கலாம்.

கிரைண்டிங் பகுதியில் ஒரு பையன் இருந்தான். வேப்பனப்பள்ளிப் பக்கம். ஐ.டி.ஐ. முடித்துவிட்டு வந்தவன். உருளைத் தண்டைத் தேய்த்து அளவுக்குக் கொண்டுவருவதில் அவன் கை அப்படி ஒரு கை. மயிரிழையில் பத்தில் ஒரு பங்கு தவறினாலும் எங்களோடு இருந்த ஜெர்மன் எஞ்சினியர் தண்டைத் தூக்கிப் போட்டுவிடுவார். அவன் தேய்த்த தண்டை மட்டும் அளக்காமலே தட்டில் வைப்பார். அவன் பெயரை நான் இங்கே எழுதவில்லை. தெலுங்குதான் வீட்டு மொழி என்றாலும் தமிழை அழுத்தம் திருத்தமாகப் பேசுவான். ஊரைப் பற்றிக் கேட்டால் மாந்தோப்பைப் பற்றிப் பேசி நகர்ந்துவிடுவான். சூப்பரின்டென்டென்ட் அவனை இரண்டு மூன்று முறை துருவிப் பார்த்தார். பழம் பிளக்கவில்லை.

"கெட்டிக்காரன். மூடியே வெச்சிருக்கான்" என்றார் என்னிடம், ஆளைப் பாராட்டுகிற குரலில்.

ஒரு மதியம் கேட்டில் ஒரு பெரியவர் வந்து நின்றார். கையில் பெரிய துணிப்பையில் மாம்பழம். மகனைப் பார்க்க வந்தவர். வாட்ச்மேனைக் கண்டதும் செருப்பைக் கழற்றிவிட்டுத் தோளில் இருந்த துண்டை எடுத்து அக்குளில் இடுக்கிக்கொண்டார். ஜன்னல் வழியாக அதைப் பார்த்த சூப்பரின்டென்டென்ட் நாற்காலியை விட்டு எழுந்தார். அவர் யாருக்காகவும் அப்படி எழுந்து நான் பார்த்ததில்லை. தானே கேட் வரை போய், தெலுங்கில் "ரண்டி, ரண்டி" என்று மரியாதையாக அழைத்து வந்து, தன் எதிரே நாற்காலியில் உட்காரச் சொன்னார். பெரியவர் தரையில் உட்காரப் போனார். இவர் தோளைப் பிடித்து நாற்காலியில் உட்கார்த்தினார். கேன்டீனிலிருந்து டீ வந்தது, கண்ணாடி டம்ளரில்.

பேச்சு முக்கால் மணி நேரம் நடந்தது. எனக்குப் பாதி தெலுங்கு புரியும். எத்தனை வீட்டுக்குத் துணி எடுக்கிறீர்கள், அறுப்புக்கு வீட்டுக்கு எத்தனை படி ராகி கொடுக்கிறார்கள், கல்யாண வீட்டில் தரையில் சேலை விரிக்கிற பாத்தியதை இன்னும் உங்களுக்குத்தானா, அந்த வெள்ளாவிப் பானை எங்கே வைத்திருக்கிறீர்கள் என்று பக்கத்து வீட்டுக்காரர் மாதிரி விசாரித்தார். பெரியவர் முகம் மலர்ந்து எல்லாவற்றுக்கும் பதில் சொன்னார். பெரிய ஆபீசர் ஒருவர் தன் தொழிலை மதித்துக் கேட்கிறார் என்ற சந்தோஷத்தில் அவருக்குக் கண்கூடக் கலங்கிற்று. எனக்கும் அன்று அவர் மேல் பெரிய மரியாதை வந்தது. இப்படியும் ஒரு மனுஷர் என்று நினைத்தேன்.

மகன், அந்தக் கிரைண்டிங் பையன், உள்ளே வந்தான். அப்பாவை நாற்காலியில் பார்த்தான். அப்பா கையில் டீ டம்ளரைப் பார்த்தான். அவன் முகத்திலிருந்து ரத்தம் இறங்கியது எனக்கு நன்றாகத் தெரிந்தது.

"ஏரா, பாகுன்னாவா?" என்றார் சூப்பரின்டென்டென்ட். அதுவரை அவனிடம் தமிழில் 'வாங்க, போங்க' என்றுதான் பேசியிருந்தார். என்னடா, நல்லா இருக்கியா என்று தெலுங்குக்குத் தாவியதில் மரியாதை கழன்று விழுந்துவிட்டது. அதன்பிறகு அவனிடம் அவர் தமிழ் பேசவே இல்லை.

அடுத்த மாதம் பம்பாயிலிருந்து புதுப் படிவங்கள் வந்தன. எல்லா ஆலைகளுக்கும் ஒரே மாதிரி பெயர்ப் பட்டை அடிக்கப் போகிறார்கள். அதற்காக ஒவ்வொருவர் பெயரையும் மூன்று கட்டங்களில் நிரப்பி அனுப்ப வேண்டும். சொந்தப் பெயர், நடுப்பெயர், கடைசியில் குடும்பப் பெயர். முதல் கட்டம் நமக்கு இருக்கிறது. நடுவில் அப்பா பெயரைப் போடலாம். கடைசிக் கட்டத்துக்குத் தமிழ்நாட்டில் யாரிடம் என்ன இருக்கிறது? மற்ற ஊர் ஆலைகளில் அப்பா பெயரைக் கடைசிக் கட்டத்தில் போட்டு நடுவைக் காலியாக விட்டார்கள் என்று பிறகு கேள்விப்பட்டேன். எங்கள் ஆலையில் அந்தக் கட்டம் அவர் கைக்கு வந்தது.

அவர் சொல்லச் சொல்ல நான் டைப் அடித்தேன். மூன்று வாரம் ஆயிற்று. நிலம் வைத்திருந்த வீட்டுப் பிள்ளைகளுக்குக் கடைசிக் கட்டத்தில் ரெட்டி, கவுடா என்று விழுந்தது. அவர்கள் சந்தோஷமாக வாங்கிக்கொள்வார்கள் என்று அவருக்குத் தெரியும். தென் ஜில்லாப் பையன்களில் பலருக்கு அப்பா பெயரே அந்தக் கட்டத்தில் ஏறியது. அவர்கள் கூட்டமாக இருந்தார்கள், எதிர்த்துப் பேசுவார்கள். ஃபோர்க்லிஃப்ட் ஓட்டிய முஸ்லிம் இளைஞனுக்கு ராவுத்தர். "குதிரைக்காரன் பேரு. உங்க தாத்தா குதிரை ஓட்டுனாரு, நீ இதை ஓட்டுறே" என்று அவனிடம் சொன்னபோது அவன் சிரித்துவிட்டு, "சரி சார், உங்க பேருக்குப் பின்னாடி என்னா போட்டீங்கோ?" என்று கேட்டான்.

"எம் பேருக்குப் பின்னாடி கம்பெனி இருக்குதுப்பா" என்றார் அவர்.

பட்டறையில் இரும்பைக் காய்ச்சி அடிக்கிற கன்னடக்கார மேஸ்திரிக்குக் கம்மார என்று போட்டார். கொல்லர் என்று அர்த்தம். மேஸ்திரி அதைப் பெருமையாக வாங்கிக்கொண்டார். அந்த ஜெர்மன் எஞ்சினியரின் பெயர் ஷ்மிட்; அவர் மொழியில் அதற்கும் கொல்லர் என்றுதான் அர்த்தம். சூப்பரின்டென்டென்ட் இருவரையும் பக்கத்தில் நிறுத்தி, "ரெண்டும் ஒரே பேரு, ஒங்க பங்காளி சீமையிலிருந்து வந்திருக்காரு" என்றார். ஷ்மிட் மேஸ்திரியைக் கட்டிக்கொண்டார். போட்டோ எடுத்து கேன்டீன் சுவரில் மாட்டினார்கள். எல்லோரும் கை தட்டினோம். அந்தப் போட்டோ மாட்டிய பிறகு அவரோடு யாராலும் வாதாட முடியவில்லை.

என் வரிசை வந்தது.

"கும்பார்னு போட்டா எடுப்பாத்தான் இருக்கும்" என்றார், என்னைப் பார்க்காமல். "ஆனா உனக்கு வேணாம்மா. அப்பா பேரே போட்டுக்க."

"தேங்க்ஸ் சார்."

அதற்கு இரண்டு பக்கம் தள்ளி கிரைண்டிங் பையனின் வரிசை. அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, "சாகலி" என்றார். தெலுங்கில் வண்ணார்.

என் விரல்கள் நின்றன. இதை அவனிடம் கேட்டீர்களா சார் என்று கேட்டிருக்கலாம். ரிப்பன் மாற்ற வேண்டும் என்று எழுந்து போயிருக்கலாம். நான் கேட்டது அதன் இங்கிலீஷ் ஸ்பெல்லிங் மட்டும்தான்.

"எஸ்ஸா, சி ஹெச்சா சார்?"

"சி ஹெச்" என்றார்.

பட்டைகள் அட்டைப் பெட்டியில் வந்து இறங்கின. வெள்ளை பிளாஸ்டிக்கில் நீல எழுத்து, பின்னால் ஊசி. நெஞ்சில் குத்தாமல் வந்தால் கேட்டைத் தாண்டக் கூடாது என்று உத்தரவு. முதல் நாள் அந்தப் பையன் பட்டையைப் பையில் போட்டுக்கொண்டு வந்தான். வாட்ச்மேன் அவனைத் திருப்பி அனுப்பப் பார்த்தார். சைரன் அடித்துவிட்டது. குத்திக்கொண்டு உள்ளே போனான்.

ஒரு வாரம் ஒன்றும் நடக்கவில்லை. கிரைண்டிங்கில் இருந்த தென் ஜில்லாக்காரர்களுக்கு அந்தச் சொல் தெரியாது. உத்தனப்பள்ளிக்காரன் ஒருவன்தான் டீ குடிக்கும்போது விளக்கிச் சொன்னான். மறுநாள் காலையில் பையனின் மெஷின் மேல் எண்ணெய்ப் பிசுக்கோடு ஒரு கம்பெனி நீலச் சட்டை கிடந்தது. அதற்கு மறுநாள் நான்கு. யார் போட்டது என்று யாரும் சொல்லவில்லை. ஒருவன் மட்டும், "சனிக்கிழமைக்குள்ள குடுத்துடு தம்பி" என்றான். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். பையன் சட்டைகளை மடித்து ஓரமாக வைத்துவிட்டு மெஷினை ஓட்டினான். இதை எனக்குச் சொன்னது அந்த ஃபோர்க்லிஃப்ட்காரன். ஓசூரில் ஒரு வீட்டு மாடியில் ஐந்து பேர் சேர்ந்து தங்கியிருந்தார்கள். கிரைண்டிங் பையனும் அதில் ஒருவன். ஒரு மாதத்தில் மற்ற நால்வரும் தண்ணீர்க் குடத்தைத் தனியே எடுத்து வைக்க ஆரம்பித்தார்கள். பிறகு வீட்டுக்காரர் வந்து, மாடியைக் காலி பண்ண வேண்டாம், ஒரு ஆள் மட்டும் போனால் போதும் என்றார். ஃபோர்க்லிஃப்ட்காரன்தான் அவனைப் பெட்டியோடு தன் அறைக்குக் கூட்டிப் போனான்.

அதன்பிறகுதான் அவன் டைம் ஆபீசுக்கு வந்தான். கையைக் கழுவிவிட்டு வந்திருந்தான். நகக்கண்ணில் மட்டும் கறுப்பு.

"சார், எம் பேருக்குப் பின்னால அது வேணாம் சார். எங்கப்பா பேரைப் போட்டுக் குடுத்துடுங்க."

"எந்துக்குரா?" என்று, ஏண்டா என்ற அர்த்தத்தில், தெலுங்கில் ஆரம்பித்தவர், நான் கேட்க வேண்டும் என்றோ என்னவோ, என்னிடம் பேசுவது போலத் தமிழுக்கு வந்தார். "இவன் படிச்சவன். இவனே வெக்கப்பட்டா எப்படிம்மா? ஷ்மிட் துரை கொல்லன்னு நெஞ்சுல குத்திக்கிட்டுத்தான வர்றாரு? தாருவாலா சாராயக்காரன்னு கையெழுத்துப் போடலியா? ஒலகமே தொழிலைப் பேரா வெச்சிருக்குது. ஒளிக்க ஒளிக்கத்தான் அது கேவலம். வெளிய போட்டுட்டா அது வெறும் பேரு."

எனக்கு அது நியாயமாகவே பட்டது. அவர் சொல்வதில் எப்போதும் ஒரு நியாயம் இருக்கும்.

பையன் விடவில்லை. "ஷ்மிட் சார்கிட்ட யாரும் அருவாளைக் குடுத்து அடிச்சுக் குடுன்னு கேக்கறதில்ல சார்" என்றான்.

அவர் வாய்விட்டுச் சிரித்தார். "நல்லா பேசுறான்" என்றார் என்னிடம். பிறகு சட்டத்தைச் சொன்னார். பதிவேட்டில் ஏறிய பெயரை அவர் இஷ்டத்துக்கு மாற்ற முடியாதாம். நோட்டரியிடம் உறுதிமொழிப் பத்திரம் எழுதி, அரசிதழில் பெயர் மாற்றம் வந்து, அந்தப் பக்கத்தைக் கொண்டுவந்து கொடுத்தால் மறுநாளே மாற்றித் தருவாராம்.

அவன் கொண்டுவருவான் என்று அவர் நினைக்கவில்லை. ஏழு மாதம் கழித்துக் கொண்டுவந்தான். அதற்குள் எத்தனை தடவை சென்னைக்குப் போனானோ, லீவுச் சீட்டெல்லாம் என் மேஜை வழியாகத்தான் போயிற்று. அந்த ஏழு மாதமும் மெஷின் மேல் சட்டைகள் விழுந்துகொண்டுதான் இருந்தன. அரசிதழ்ப் பக்கத்தை பிளாஸ்டிக் உறையில் போட்டுப் பத்திரமாக வைத்திருந்தான். அவர் அதை முழுக்கப் படித்தார்.

"சட்டம் சட்டந்தான். சந்தோஷம்" என்றார் தெலுங்கில். அவன் கும்பிட்டுவிட்டுப் போனான். போகும்போது என்னைப் பார்த்துச் சிரித்தான். அவன் சிரித்து நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான்.

அவன் போனதும் அவர் சொன்னார், "ஒரு சர்க்குலர் எடுத்துக்கம்மா. ரூல்படி எல்லாருக்கும் தெரிவிக்கணும்."

இத்தனாம் எண் தொழிலாளர், இதுவரை இன்ன பெயர் சாகலி என்று அறியப்பட்டவர், இன்றுமுதல் இன்ன பெயரால் அறியப்படுவார், அனைவரும் குறித்துக்கொள்ளவும். ஒரு பக்கம் தமிழிலும் ஒரு பக்கம் இங்கிலீஷிலும் சொன்னார். தமிழில் சொல்லும்போது ஒரு இடத்தில் நிறுத்தி, "சாகலின்னா நம்ம தெக்கத்திப் பசங்களுக்குப் புரியாதும்மா. பக்கத்துல வண்ணார்னு சேத்துக்க" என்றார்.

அதுவரை கிரைண்டிங் பகுதிக்கும் அந்த மாடி வீட்டுக்கும் தெரிந்த விஷயம் அது. நான் ஸ்டென்சில் வெட்டினேன். ஆபீஸ் பையன் உருளையை ஓட்டி நகல் எடுத்தான். கேட், கேன்டீன், ஒவ்வொரு ஷெட் என்று எல்லாப் பலகையிலும் மதியத்துக்குள் ஒட்டியாயிற்று.

சாப்பாட்டு நேரத்தில் கேன்டீன் பலகையின் முன்னால் அவன் நின்று படித்தானாம். பின்னால் தட்டோடு வரிசை நின்றது. பின்பு யாரோ ஒருவன் வரிசையிலிருந்து தன் சட்டையைக் கழற்றி அவன் தோளில் போட்டான். அவன் அதை எடுத்து மடித்து, கேன்டீன் மேஜை மேல் வைத்துவிட்டு நேராக டைம் ஆபீசுக்கு வந்தான்.

சூப்பரின்டென்டென்ட் வெல்லம் கடித்துக்கொண்டிருந்தார். அவன் அவரிடம் போகவில்லை. என் மேஜைக்கு வந்தான். அன்று காலையில்தான் புதுப் பெயரில் கொடுத்திருந்த தற்காலிகப் பெயர் அட்டையைக் கழற்றி என் மெஷின் பக்கத்தில் வைத்தான்.

"பலகையில இருக்கறதை நீங்கதான் டைப் பண்ணீங்களா மேடம்?"

"ஆமா."

"ஒரு எழுத்துகூடத் தப்பில்ல மேடம்" என்றான்.

அதில் கோபம் இல்லை. தன்னைப் போலவே அளவு தவறாமல் வேலை செய்கிற ஒருத்தியைப் பார்த்துச் சொன்னது போல இருந்தது. அவன் கேட்டைத் தாண்டிப் போவதை ஜன்னல் வழியாகப் பார்த்தேன். திரும்ப வரவில்லை. அவனுக்குச் சேர வேண்டிய பாக்கிச் சம்பளத்தைக்கூட வந்து வாங்கவில்லை.

ஒரு வாரம் கழித்து ஷ்மிட் எங்கள் அறைக்கு வந்தார். அந்தப் பையன் எங்கே, அவன் போனபின் வருகிற தண்டுகளில் பாதி குப்பைக்குப் போகிறதே என்று கேட்டார். சூப்பரின்டென்டென்ட் இங்கிலீஷில் விளக்கினார். பையனுக்குத் தன் குலத்தொழிலின் பெயர் பிடிக்கவில்லை, எவ்வளவோ சொல்லியும் கேட்கவில்லை என்றார்.

ஷ்மிட் சிரிப்பார் என்று எதிர்பார்த்தேன். அவர் சிரிக்கவில்லை. மெதுவாக, வார்த்தை தேடித் தேடிச் சொன்னார். அவருடைய அம்மா வீட்டுக்குப் பழைய பெயர் ஷிண்டராம். செத்த மாட்டின் தோலை உரிக்கிறவன் என்று அர்த்தமாம். ஊருக்கு வெளியேதான் அந்த வீடு. பள்ளிக்கூடத்தில் தாத்தாவின் பக்கத்தில் யாரும் உட்காரமாட்டார்களாம். சர்ச்சில் கடைசி பெஞ்சாம். தாத்தா வேறு ஊருக்குப் போய்ப் பெயரை மாற்றிக்கொண்டாராம். அம்மா சாகும்வரை அந்தப் பழைய பெயரை வீட்டில் யாரும் உச்சரிக்கக் கூடாது என்றிருந்தாராம்.

"அந்தப் பையன் எங்கே போனான்?" என்று மறுபடியும் கேட்டார் ஷ்மிட்.

சூப்பரின்டென்டென்ட் மேஜை இழுப்பறையிலிருந்து நோட்டை எடுத்துவிட்டிருந்தார். முகம் பளிச்சென்று இருந்தது. "ஷிண்டர்," என்றார். "ஸ்பெல்லிங் சொல்லுங்கள், ப்ளீஸ்."

ஷ்மிட் அந்த நோட்டைப் பார்த்தார். பிறகு வெளியே போனார். சூப்பரின்டென்டென்ட் தானே யோசித்து ஏதோ ஒரு எழுத்துக்கூட்டல் எழுதிக்கொண்டார்.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் அவர் ஓய்வு பெற்றார். விழாவில் ஐந்து மொழியிலும் நன்றி சொன்னார். ஒவ்வொருவரையும் பெயர் சொல்லிக் கூப்பிட்டுக் கைகுலுக்கினார். பலர் அழுதார்கள். என் கண்ணிலும் நீர் வந்தது. அதை மறைக்க என்ன இருக்கிறது.

அதற்கு அடுத்த வருஷம், ஊருக்குப் போகிற வழியில் கிருஷ்ணகிரி பஸ் ஸ்டாண்டில் அவனைப் பார்த்தேன். உடம்பு போட்டிருந்தான். கூட மனைவி, பள்ளிச் சீருடையில் ஒரு பெண் குழந்தை. மூவரும் கன்னடத்தில் பேசிக்கொண்டிருந்தார்கள். நான் வாயைத் திறப்பதற்குள் அவன் என்னைப் பார்த்துவிட்டான். பழைய பெயரைச் சொல்லி நான் கூப்பிட்டுவிடுவேன் என்று அவனுக்குப் புரிந்திருக்க வேண்டும். மனைவியிடம் ஏதோ சொல்லிவிட்டுத் தண்ணீர் பாட்டிலோடு என் பக்கமாக நடந்து வந்தான். கடக்கும்போது நிற்காமல், உதடு அசையாமல் தமிழில் சொன்னான்.

"நல்லா இருக்கீங்களா மேடம்? கூப்பிடாதீங்க."

நான் பேப்பர்க் கடைப் பக்கம் திரும்பி நின்றுகொண்டேன். அந்தக் குழந்தை அப்பாவைத் தேடி ஓடி வந்தது. என் முழங்கை உரசுகிற தூரத்தில் நின்றது. சீருடையில் பெயர்ப் பட்டை. எழுத்தைப் பார்த்தால் வாசிக்காமல் இருக்க ஒரு டைப்பிஸ்டால் முடியாது. குழந்தையின் பெயர், அதற்குப் பின்னால் ஒரு குடும்பப் பெயர். பஸ் வந்தது. அவர்கள் பெங்களூர் பஸ்ஸில் ஏறிப் போனார்கள்.

சில மாதங்களில் சூப்பரின்டென்டென்ட்டின் மனைவி இறந்துவிட்டார் என்று தகவல் வந்தது. காரியம் முடிந்து ஒரு வாரம் கழித்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில், துக்கம் கேட்கப் போனேன். ஆள் பாதியாகிவிட்டிருந்தார். மருமகளைக் கூப்பிட்டு எனக்குக் காபி போடச் சொன்னார். மனைவியைப் பற்றி இரண்டு வார்த்தை பேசினார். பிறகு கம்பெனி ஆட்களை ஒவ்வொருவராகப் பெயர் சொல்லி விசாரித்தார். யாரையும் மறந்திருக்கவில்லை. மெல்ல மெல்ல அவர் முகத்துக்கு ரத்தம் திரும்பி வந்தது.

"அந்தக் கிரைண்டிங் பையன் பெங்களூர்ல இருக்கானாமே. கேள்விப்பட்டேன். நம்ம போட்டதும் வேணாம், கெசட்டுல போட்டதும் வேணாம்னு வேற என்னவோ வெச்சுக்கிட்டிருக்கானாம். நீ எங்கியாச்சும் பாத்தியாம்மா?"

"இல்ல சார்."

"ஒருத்தன் அவனா தேடி ஒரு பேரை வெச்சுக்கிட்டா அதுல எல்லாமே இருக்கும்மா. எதைக் கண்டு பயந்தான், யாரு மாதிரி ஆவணும்னு நெனச்சான், எல்லாம்." நாற்காலியின் விளிம்புக்கு நகர்ந்து உட்கார்ந்தார். "நீ பாத்திருக்கே. உம் மூஞ்சியே சொல்லுது."

"பாக்கல சார்."

"முழுசா வேணாம். பாதி சொல்லு. மீதியை நான் சொல்லிடறேன்."

அவர் கண்ணில் இருந்தது பசி. பெண்டாட்டி செத்து ஒரு மாதம் ஆகாத வீட்டில், அந்த மனுஷருக்கு நான் கொடுக்கக்கூடியது அது ஒன்றுதான். அவருக்குத் தெரியாத ஒன்று எனக்குத் தெரிந்திருந்தது அதுதான் முதல் முறை. சொல்லிப் பார்க்க வேண்டும் என்று எனக்கு ஆசையாக இருந்தது. அவர் அதை எப்படிப் பிரிப்பார், எந்த இடத்தில் அந்தச் சிரிப்பைச் சிரிப்பார் என்று பார்க்க ஆசையாக இருந்தது. அந்தப் பெயரின் முதல் எழுத்து என் பல்லுக்குப் பின்னால் வந்து நின்றுவிட்டது.

மருமகள் காபியைக் கொண்டுவந்து வைத்தாள். ஆவி பறந்தது. டம்ளரை எடுத்து ஆற்றாமல் அப்படியே வாயில் ஊற்றிக்கொண்டேன்.

"மெதுவாம்மா. நாக்கு சுட்டுடுச்சா?" என்று கேட்டார்.

ஆமாம் என்று தலையை ஆட்டினேன்.